செவ்வாய், வெள்ளி, இரண்டிலிருந்து நான்கு வரை

பலகையில் செவ்வாய், வெள்ளி, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை என்று போட்டிருந்தது. இன்றைக்கு வெள்ளிதான். மணி இரண்டு பத்து ஆகியும் கதவு பூட்டிக் கிடந்தது. சங்கரகோமதி எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்த பெஞ்சின் ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பலகையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பார்த்தால் அதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று போகிற வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். மாணவர் மனநல ஆலோசனை மையம். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, போன வாரம்தான் அடித்திருக்க வேண்டும், ஓரத்தில் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. மனநலம் என்பதற்குப் பதிலாக வேறு ஏதாவது போட்டிருக்கலாம். மாணவர் உதவி மையம் என்று போட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், அடையாள அட்டை தொலைந்துபோனவள்கூட உட்காரலாம். நல்லவேளையாக இரண்டு கதவு தள்ளி பஸ் பாஸ் கொடுக்கிற ஜன்னல் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட வரிசை வராந்தாவில் நீண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து முடிந்தது. நின்று நின்று கால் கடுத்துப்போய் உட்கார்ந்தவள் போல அவள் இருந்தாள். அப்படித் தெரிவதற்காகப் பழைய பாஸைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். வரிசை நகரும்போது கடைசியில் நிற்பவர்கள் திரும்பி, நீங்க வரலையா என்பதுபோலப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டி அவர்களை முன்னே போகச் சொன்னாள். அப்படியே பத்துப் பதினைந்து பேர் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள். முதல் வருஷத்தில் இந்த அறையில்தான் விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைத்திருந்தார்கள். த்ரோபால் எடுக்க ஒரு தடவை உள்ளே போயிருக்கிறாள். ரப்பரும் வியர்வையும் கலந்த வாடை. அந்த வாடை இப்போதும் கதவிடுக்கில் வருகிற மாதிரி இருந்தது, இல்லை, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியது. அதற்குள் உட்கார்ந்து மனசைப் பற்றி எப்படிப் பேசுவார்கள். வலைக்கும் பந்துக்கும் நடுவில் நாற்காலி போட்டா.

செவ்வாய்க்கிழமையும் வந்தாள். மூன்று தடவை இதே கதவைக் கடந்து நடந்தாள். அன்றைக்குக் கதவு திறந்திருந்தது, மின்விசிறி ஓடியது, ஊதா நிறப் புடவை ஒன்று மேஜைமேல் குனிந்திருந்தது. மூன்றாவது தடவை செருப்பு நிலைப்படியில் இடித்தது. அந்தப் புடவை நிமிர்வதற்குள் அவள் படியிறங்கி சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டாள். போன பிறகு மூச்சு வாங்கியது. முப்பதடி தூரம் வேகமாக நடந்ததற்கு மூச்சு வாங்குகிறது என்றால் உடம்பு எந்த நிலைமைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தாள், பிறகு அதை நினைப்பதும் ஒரு வேலை மாதிரி இருக்கவே விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் எல்லாமே வேலை மாதிரிதான் இருந்தது. தலை பின்னுவது, அம்மா கேட்டதற்குப் பதில் சொல்வது, கண்டக்டரிடம் பாஸை நீட்டுவது. பதினோரு நாளாக அவள் வகுப்புக்குப் போகவில்லை. கல்லூரிக்கு வராமல் இல்லை. தினமும் ஏழேகாலுக்கு மேலநொச்சிகுளத்தில் பஸ் ஏறி, எட்டே முக்காலுக்குக் கல்லூரி வாசலில் இறங்கி, நாலரை பஸ்ஸில் திரும்பிப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். டிபன் பாக்ஸைக் கழுவப் போடும்போது அம்மா திறந்து பார்த்து, “இப்பத்தான் மிச்சம் வைக்காமத் தின்னுருக்க” என்று சந்தோஷப்படுகிறாள். சோறு சைக்கிள் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கிற நாய்க்குப் போகிறது. முதல் நாள் என்ன நடந்தது என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் முக்கால் மணி நேரம் பிந்தியது. ஒன்பது முப்பத்தைந்துக்கு மாடியேறினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் பிசிகல் கெமிஸ்ட்ரி சார் பாடம் நடத்துகிற சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் பிந்தினால் அவர் திட்டமாட்டார், உள்ளே வாங்க என்று பாடத்துக்கு நடுவிலேயே சொல்வார். கையைக் கதவில் வைத்தாள். கை தள்ளவில்லை. தள்ளு என்று அவள் சொன்னாள், கை அங்கேயே இருந்தது, கதவின் சொரசொரப்பு உள்ளங்கையில் தெரிந்தது, யாரோ ஒருவருடைய கை மாதிரி. பிறகு கையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அவ்வளவுதான். மறுநாள் நேரத்துக்கு வந்தாள். அப்போதும் அதேதான்.

இரண்டரை வருஷத்தில் தெரியாத கல்லூரி பதினோரு நாளில் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. நூலகத்தில் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிற மூலையில் பதினொன்றேகால் வரைக்கும் இருக்கலாம். அதற்குமேல் நூலகர் மேஜை மேஜையாக வந்து, “கிளாஸ் இல்லையாம்மா” என்று கேட்பார். வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்தில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் அங்கே சுவர் முழுக்கக் கோட்டுப் போட்டுக்கொண்டு கைகுலுக்கிச் சிரிக்கிறவர்களின் படம், அரை மணி நேரத்துக்கு மேல் அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் இருக்க முடியவில்லை. கணினி மையத்தில் இருபது கம்ப்யூட்டரில் ஆறுதான் ஓடும், ஆறிலும் பையன்கள். மாணவியர் ஓய்வறையில் ஒரு இரும்புக் கட்டில் இருந்தது, அதுதான் அவளுக்குப் பிடித்த இடம். ஆனால் அதில் படுக்க வேண்டுமென்றால் நோட்டில் பெயரும் காரணமும் எழுத வேண்டும். இரண்டு நாள் வயிற்றுவலி என்று எழுதினாள். மூன்றாம் நாள் தலைவலி. நான்காம் நாள் பேனாவை எடுத்துக்கொண்டு காரணம் என்ற கட்டத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அங்கே பெருக்குகிற அக்கா, “தினமும் ஒரு நோவு சொல்லுதியே, வீட்டுல சொன்னியா?” என்று கேட்டாள். நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. எங்கே போனாலும் ஒரு நோட்டு, ஒரு கட்டம், அதில் காரணம். லீவ் லெட்டரிலும் அப்படித்தான். ஏனென்றால் என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதினால் போதும், எல்லாக் கதவும் திறக்கும். அவளிடம் அந்த ஒரு வரிதான் இல்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டுகிறார், குடிப்பதில்லை. அம்மா திட்டுவதுகூட இல்லை. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. யாரையும் காதலித்து ஏமாறவில்லை. போன செமஸ்டரில் எழுபத்தெட்டு சதவீதம். இந்தக் கதவு திறந்து, உள்ளே இருக்கிறவர்கள், சொல்லும்மா, உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால் அவள் எதைச் சொல்வாள். அப்பா செத்துப்போயிருந்தால் சொல்லலாம் என்று நினைத்தாள். நினைத்த உடனே நெஞ்சில் சுருக்கென்றது. சீ, என்ன நினைப்பு இது. அப்பா இன்றைக்குக் காலையில் அவளுடைய செருப்பு வாரை ஊசியால் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேனை எடுத்தார்.

ஊரில் சுப்புத்தாய் அக்கா என்று ஒருத்தி இருந்தாள். கோமதி ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவள் கல்யாணமாகி வந்தாள். ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள், பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், கொழுப்பு என்றார்கள், கோவிலுக்குக் கொண்டுபோய் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். அம்மா ரசம் வைத்துக் கோமதியிடம் தூக்குச்சட்டியில் கொடுத்து அனுப்புவாள். ஒரு நாள் தூக்கை வைத்துவிட்டு, “ஏங்க்கா எப்பவும் படுத்தே கெடக்க?” என்று கேட்டாள். சுப்புத்தாய் திரும்பாமலே, “எந்திரிச்சா அடுத்து என்ன செய்யன்னு தெரியல பிள்ள” என்றாள். கோமதிக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. எழுந்தால் பல் தேய்க்க வேண்டியதுதானே. ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள், அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவள் புருஷன் பெட்டியைக் கட்டி அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. அந்த முதுகு மட்டும், பச்சை ரவிக்கையும் அதில் வியர்வை காய்ந்த உப்புக் கோடும், இப்போது பதினோரு நாளாக அடிக்கடி வருகிறது. நூலகத்தில் பேப்பரைப் புரட்டும்போது வருகிறது. அந்த முதுகு திரும்பினால் தன் முகம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பயம் என்றால் படபடவென்று வருகிற பயம் இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும். ஈரத் துணி மாதிரி ஒரு பயம், அதை மேலே போட்டுக்கொண்டே நடக்கிறாள்.

“ஏட்டி கோமு! இங்க என்ன செய்யுத?” என்ற குரல் கேட்டு அவள் பாஸைப் படக்கென்று உயர்த்திப் பிடித்தாள். ரஹ்மத் நிஷா, முதல் வருஷத்திலிருந்து வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள், லேப் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். கோட்டில் அமோனியா வாடை வந்தது. “பஸ் பாஸுக்குத்தான்ட்டி” என்றாள் கோமதி. “ஒனக்குத்தான் போன மாசமே வந்துட்டே?” “ஊர் பேரத் தப்பாப் போட்டுட்டாங்க.” இவ்வளவு வேகமாகப் பொய் வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உண்மைக்கு ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது, பொய் மட்டும் கைக்கு வாகாக வருகிறது. நிஷா பக்கத்தில் உட்கார்ந்தாள். “அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” அம்மாவுக்கு முதுகுவலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிறேன் என்று இரண்டாம் நாள் போனில் சொல்லியிருந்தாள். “பரவால்ல” என்றாள். “நீ அட்டெண்டன்ஸ நெனச்சு விசாரப்படாத. ஒன் நம்பர் வந்ததும் நான் குனிஞ்சுக்கிட்டு கொரல மாத்தி யெஸ் சார்ங்கேன். ஒருத்தரும் நிமிந்து பாக்கல தெரியுமா? சார் பாட்டுக்கு டிக் போட்டுட்டுப் போயிட்டே இருக்காரு. நீ வராததே இங்க ஒருத்தருக்கும் தெரியாது!” சொல்லிவிட்டு நிஷா சிரித்தாள். தான் செய்கிற உதவி ரொம்பப் பெரியது, பிடிபட்டால் தனக்கும் ஆபத்து, அதையும் மீறிச் செய்கிறேன் என்கிற சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது. உண்மையிலேயே பெரிய உதவிதான். கோமதியும் சிரித்தாள், முகத்தில் எந்தெந்த இடத்தை இழுத்தால் சிரிப்பு வரும் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு. இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நிஷாவின் கை அவள் முழங்கைமேல் இருந்தது, சூடாக இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லைட்டி. சொன்னால் அடுத்து, அப்போ ஏன் வரவில்லை என்று கேட்பாள். அடுத்த கேள்விக்குத்தான் பதில் இல்லையே. “ரெக்கார்ட் நோட்டு கையெழுத்து வாங்கணும், போறேன்” என்று நிஷா எழுந்து போனாள். வராந்தா திருப்பத்தில் லேப் கோட்டின் வெள்ளை மறைகிற வரைக்கும் கோமதி பார்த்தாள். நீ வராததே ஒருத்தருக்கும் தெரியாது. அது நல்ல செய்திதான். ஆனால் யாரோ பின்னாலிருந்து பெஞ்சை உருவிக்கொண்ட மாதிரி இருந்தது.

இரண்டே முக்கால். பஸ் பாஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆள் டீக்குப் போய்விட்டார். வரிசையில் மிச்சமிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். மறைந்து உட்கார இப்போது வரிசையும் இல்லை. வெறும் வராந்தாவில் ஒரு பெஞ்சு, எதிரில் அந்தப் பலகை, நடுவில் அவள். போய்விடலாம். அடுத்த செவ்வாய் வரலாம். செவ்வாய்க்கு இன்னும் எத்தனை நாள், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நான்கு ராத்திரி. அந்த நான்கில் ஒவ்வொன்றிலும் படுக்கையில் கண்ணை மூடும்போது மனசு ஒரு இடத்துக்குப் போய் நிற்கும். அங்கே ரொம்ப அமைதியாக இருக்கும், அதுதான் பயம். கூச்சல் இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிடலாம். அமைதியான இடத்திலிருந்து எதற்கு வர வேண்டும். எழுந்து போ என்று காலுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை. அன்றைக்குக் கை, இன்றைக்குக் கால். உள்ளே போகவும் முடியாது, வெளியே போகவும் முடியாது, இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான், சாயங்காலம் வாட்ச்மேன் வந்து விளக்கை அணைப்பார், பெஞ்சோடு பெஞ்சாக அவளையும் விட்டுவிட்டுப் போவார். அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் பியூலா மேடம். விலங்கியல் துறையில் உதவிப் பேராசிரியர், நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆலோசனை மையத்தை அவரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். இடது கையில் விடைத்தாள் கட்டு, தோளில் சாப்பாட்டுப் பை, கக்கத்தில் நீளமான ஒரு ரிஜிஸ்டர், வாயில் சாவி. பூட்டைத் திறக்கக் கை இல்லாமல் நின்றவர் கோமதியைப் பார்த்தார். கோமதி தன்னை அறியாமல் எழுந்து ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு வேலையை அவள் உடம்பு கேட்காமலே செய்தது. “எந்த டிபார்ட்மென்ட்டும்மா?” என்றார் மேடம், சாவியை எடுத்துவிட்டு. “கெமிஸ்ட்ரி மேடம்.” “ஆங், வந்துட்டியா. கையெழுத்து நல்லா இருக்குற பிள்ளையா ஒண்ண அனுப்புங்கன்னு ஒங்க சார்ட்டக் கேட்டிருந்தேன். அவர்தான அனுப்புனாரு?” இல்லை என்று சொன்னால், அப்போ எதற்கு வந்தாய் என்ற கேள்வி வரும். ஆமாம் என்றால் கேள்வியே இல்லை. “ஆமா மேடம்” என்றாள் கோமதி. சொன்னதும் உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு நிம்மதி வந்தது, அதற்கு அடியிலேயே, இதோ இந்தக் கதவும் போயிற்று என்ற நினைப்பும் வந்தது. உள்ளே பந்து வாடை அடிக்கத்தான் செய்தது. மூலையில் கிழிந்த வலை ஒன்று சுருட்டிக் கிடந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் சூரியன் உதிக்கிற படம், தன்னம்பிக்கையே வெற்றி என்று எழுதியது.

“திங்கக்கெழமை இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருதும்மா. இந்த வருஷம் பூரா எத்தன பேருக்கு ஆலோசனை குடுத்தோம்னு ரிஜிஸ்டர் கேப்பாங்க” என்றார் மேடம், விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டே. “ஜூலைல இருந்து ஒவ்வொரு செவ்வாய், வெள்ளிக்கும் மூணு மூணு பேரா எழுதணும். தேதி நான் சொல்லுதேன். பேரு நீயே போட்டுக்கோ.” கோமதி ரிஜிஸ்டரைத் திறந்தாள். கட்டம் போட்டு வைத்திருந்தார். வரிசை எண், தேதி, பெயர், துறை, பிரச்சினை மற்றும் காரணம், வழங்கப்பட்ட ஆலோசனை. முதல் நான்கு வரியில் மட்டும் வேறு வேறு கையெழுத்துகள் இருந்தன. “நெஜமா வந்தது அந்த நாலு பேருதான்” என்றார் மேடம், அவள் பார்ப்பதைப் பார்த்து. “அதுலயும் ரெண்டு பேரு ஹாஸ்டல் ரூம் மாத்திக் கேட்டு வந்தவங்க. நான் வாரம் ரெண்டு நாளு இங்க வந்து ஒக்காந்து பேப்பர்தான் திருத்துதேன். பொய் எழுதுதோம்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? ஒண்ணுமே எழுதலேன்னா ஆளே வரல, மையம் எதுக்குன்னு மூடிருவாங்க. மூடிட்டா நாளைக்கு நெஜமாவே ஒரு பிள்ளை வந்தா அது எங்க போகும், சொல்லு?” கோமதி பேனாவின் மூடியைக் கழற்றினாள். முதலில் மேடமே சொல்லிக்கொண்டு வந்தார். தேர்வு பயம் என்று போடு, நேரத்தைத் திட்டமிடும்படி அறிவுறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் பாடம் புரியவில்லை, நூலகத்தைப் பயன்படுத்த வழிகாட்டப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வரி ஆனதும் மேடத்தின் குரல் ஓய்ந்துபோனது. கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இருபுறமும் தேய்த்துக்கொண்டார். “நீயே யோசிச்சு எழுதும்மா, எனக்கு மண்டை ஓடல” என்று விடைத்தாளுக்குள் குனிந்துகொண்டார்.

அவள் எழுதினாள். மேடம் கேட்டிருந்த அந்த நல்ல கையெழுத்து, உருண்டையாக, ஒன்றோடொன்று இடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஜூலை, ஆகஸ்ட். பெயர்கள் தானாக வந்தன, ஒவ்வொரு பெயரோடும் ஒரு காரணமும் வந்தது. முதலாமாண்டு தமிழ், வீட்டு ஞாபகம், சக மாணவியருடன் பழக ஊக்கப்படுத்தப்பட்டது. மூன்றாமாண்டு வணிகவியல், திருமணத்துக்கு வற்புறுத்தல், பெற்றோரிடம் பேசுவதாக உறுதியளிக்கப்பட்டது. இல்லாத பெண்கள் ஒவ்வொருத்தியாக இந்த அறைக்குள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, காரணத்தைச் சொல்லி, ஆலோசனையை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்கள். எவ்வளவு சுலபமாகப் போகிறார்கள். ஒருத்தியும் வாசலில் மூன்று தடவை நடக்கவில்லை. அவர்கள்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது, கொஞ்சம் கோபம்கூட வந்தது. பதினோரு நாளாக எதுவும் வராத இடத்தில் கோபம் வந்ததே என்று அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செப்டம்பர் மாதக் கடைசி. தேதியைப் போட்டாள். பெயர் இடத்தை விட்டுவிட்டு, துறை என்ற இடத்தில் வேதியியல் என்று எழுதினாள். பிறகு பேனா நிற்கவில்லை. காரணம் எதுவும் இல்லை. தினமும் வகுப்பு வாசல் வரை போய்த் திரும்பி வருகிறாள். இரவில் படுக்கும்போது, காலையில் விழிக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறாள். எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது, ஆலோசனை என்ற இடமும் நிறைந்துவிட்டது. எழுதியதைப் பார்த்தாள். வேறு யாரோ எழுதிய மாதிரித்தான் இருந்தது. ஆனால் உருண்டை உருண்டையாக அவளுடைய எழுத்து. அடித்துவிடலாமா, அடித்தால் ரிஜிஸ்டர் அசிங்கமாகும், கமிட்டி பார்க்கும்.

“எத்தன ஆச்சு, காட்டு” என்று மேடம் கையை நீட்டி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். கோமதி சுவரில் சூரியன் உதிக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நின்றது. “இது ரொம்பப் பெருசாப் போச்சேம்மா” என்றார் மேடம், சாதாரணமாக. “இவ்வளவு வேண்டாம். மனச்சோர்வுன்னு ஒரு வார்த்த போட்டாப் போதும். பேரும் போடாம விட்டுட்ட பாரு.” “சரி மேடம்.” “கற்பனை நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு மேடம் வெள்ளை மையை எடுக்க மேஜை இழுப்பறையைத் திறந்தார். கோமதிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. சொல்லியாயிற்று. இந்த உலகத்தில் ஒருவரிடம் சொல்லியாயிற்று. அதற்கு மேல் வெள்ளை பூசப் போகிறார்கள்.

அப்போது கதவில் யாரோ தட்டினார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் தலையை நீட்டி, “மே ஐ கம் இன் மேடம்? செகண்ட் இயர் கெமிஸ்ட்ரி. ரிஜிஸ்டர் எழுதணும்னு எங்க சார் அனுப்புனாங்க. லேப் முடிய நேரமாயிட்டு, சாரி மேடம்” என்றாள். மேடம் அவளைப் பார்த்தார். கோமதியைப் பார்த்தார். கையில் வெள்ளை மைப் புட்டி இருந்தது. பிறகு மெதுவாக ரிஜிஸ்டரைப் பார்த்தார், விரல் இன்னும் அந்த வரியில்தான் இருந்தது. அவர் உதடு அசைந்தது, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படித்தார் என்று கோமதிக்குத் தெரிந்தது. மின்விசிறி விடைத்தாள்களின் ஓரத்தைப் படபடவென்று தூக்கித் தூக்கிப் போட்டது. “நீ இப்பப் போம்மா” என்றார் மேடம் அந்தப் பெண்ணிடம். “எழுத வேண்டாமா மேடம்?” “இன்னைக்கு வேண்டாம். கதவச் சாத்திட்டுப் போ.”

கதவு சாத்தியது. மேடம் புட்டியை இழுப்பறைக்குள் போட்டார். போனை எடுத்தார். “ஏங்க, பாப்பாவ ஸ்கூல்ல இருந்து நீங்க போயிக் கூட்டிட்டு வந்துருங்க. எனக்கு நேரமாவும். எவ்வளவு நேரம்னு தெரியல. வையுங்க.” போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். ரிஜிஸ்டரை மூடி, தூக்கி, வலை கிடந்த மூலையில் போட்டார். பிறகு தன் நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து கோமதிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கிட்டத்தில் பார்த்தபோது அவருடைய கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அவருக்கும் பயமாக இருக்கிறது என்பது கோமதிக்கு விளங்கியது. “ஒம் பேரு என்னம்மா?” “சங்கரகோமதி மேடம்.” “நான் உள்ளதச் சொல்லிருதேன் கோமதி. எனக்கு ஆறு நாளு ட்ரெய்னிங் குடுத்தாங்க. அதுல சொன்னது ஒண்ணும் இப்ப எனக்கு ஞாபகம் வரல. ஜில்லா ஆஸ்பத்திரில இதுக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க, நல்லவங்க, அவங்ககிட்ட நானே ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். அது அப்புறம். இப்ப நீ சொல்லு, நான் கேக்கேன்.”

கோமதி வாயைத் திறந்தாள். “காரணம் ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி வெட்கமாக இருந்தது. “எங்க இருந்து ஆரம்பிக்கன்னே தெரியல.” “நான் காரணம் கேக்கலம்மா” என்றார் மேடம். “இன்னைக்குக் காலைல எந்திரிச்சல்லா? அதுல இருந்து சொல்லு. என்ன செஞ்ச?” காலையில். பாயில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது, குளியலறையில் வாளி நிறைந்து தண்ணீர் தரையில் வழிந்து ஓடியதும், கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றதும், நேரமாகிவிட்டது என்று அம்மா கூப்பிட்டதும், முகத்தில் மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டு வெளியே வந்ததும் ஞாபகம் வந்தன. இதையா சொல்வது. இதைப் போய் ஒரு பேராசிரியரிடம் யாராவது சொல்வார்களா. மேடம் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“இன்னைக்கு நான் குளிக்கல மேடம்” என்றாள் கோமதி. “நேத்தும் குளிக்கல.”

மேடம் தலையை ஆட்டினார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி” என்றார். “அப்புறம்?”